மலை ஏறும்போது விட்டுவிட்டு எரிந்த எஞ்சின் விளக்கு: ஆக்சிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: சிறுமலை அடிவாரம் (திண்டுக்கல்)

அனைவருக்கும் வணக்கம். 2016இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்கு சிலிண்டர், 71,000 கி.மீ. ஓடியது. சென்ற மாதம் வாட்டர் வாஷுக்குக் கொடுத்தபோது, போனட்டைத் திறந்து எஞ்சின் மேலும் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்கள். நான்கு நாள் கழித்துக் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனோம். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, இரண்டாம் கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. அதே நேரத்தில் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு மெதுவாக ஏறியபோது மினுக்குவது நின்று, விளக்கு நிலையாக எரியத் தொடங்கியது. அன்று முதல் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் அதிர்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது.

ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி 0303, பி 0171 என்று இரண்டு குறியீடுகள் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது குறியீடு காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை தொடர்பானது என்பதால், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று 6,800 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றதும் விளக்கை மட்டும் அணைத்துத் தந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அது மறுபடி எரிந்துவிட்டது.

இப்போது சொந்தமாக, காரின் கணினியிலுள்ள குறியீடுகளைக் கைபேசிச் செயலியில் காட்டும் ஒரு புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். பைக்கில் பிளக் மாற்றிய பழக்கமும் உண்டு. சென்சாருக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்? மகளைத் தினமும் 14 கி.மீ. தள்ளியிருக்கும் பள்ளியில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பழைய பட்டறைக்காரர்

வணக்கம் ஐயா. ஓட்டலாமா என்ற கேள்விக்கே முதலில் வருகிறேன். அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், கோளாறு ஒன்று பதிவாகியிருக்கிறது, விரைவில் பாருங்கள் என்று பொருள். விட்டுவிட்டு எரிந்தால், அந்த நொடியிலேயே ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைபோக்கிக் குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதனுள் தேன்கூடு போல இருக்கும் பீங்கான் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொண்டால், உங்களிடம் சென்சாருக்குக் கேட்ட தொகையைப் போலப் பல மடங்கு செலவாகும். ஆகையால் காரணம் தெரியும் வரை பள்ளிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. எடுத்தே தீர வேண்டுமானால் ஏ.சி. இல்லாமல், ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓட்டுங்கள். மினுக்கத் தொடங்கினால் ஓரம் கட்டிவிடுங்கள். எண்ணெய் அழுத்தத்துக்கும் எஞ்சின் சூட்டுக்கும் உள்ள சிவப்பு விளக்குகள் வேறு கதை. அவை எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது.

அடுத்தது சென்சார். அந்த மதிப்பீட்டை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. குறியீடு, கணினி எதைக் கண்டது என்பதைத்தான் சொல்லும்; எந்தப் பாகம் கெட்டது என்பதைச் சொல்லாது. பி 0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கணினி கருதுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது முதலாவதுதான் தாய், இரண்டாவது அதன் பிள்ளை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோல் மட்டும் வெளியே வருவதில்லை. எரிவதற்காக உள்ளே இழுத்த காற்றும் அதிலுள்ள ஆக்சிஜன் செலவாகாமல் அப்படியே வருகிறது. சென்சாருக்குப் பெட்ரோலை அளக்கத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கத் தெரியும். ஆக்சிஜன் மிகுந்திருப்பதை அது உள்ளபடி சொல்ல, பெட்ரோல் குறைவு போலிருக்கிறது என்று கணினி நான்கு சிலிண்டருக்கும் கூடுதலாக ஊற்றுகிறது. உங்கள் மைலேஜ் போனதும் இதனால்தான் இருக்கும். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிவது நியாயமில்லை.

இப்போது எதையும் அழிக்காதீர்கள். பட்டறையில் விளக்கை அணைத்தபோது, கோளாறு பதிவான கணத்தில் எஞ்சின் எப்படி இருந்தது என்று கணினி எடுத்து வைத்திருந்த பதிவும் அழிந்திருக்கும். விளக்கு மறுபடி எரிந்திருப்பதால் புதிய பதிவு ஒன்று கட்டாயம் இருக்கும். செயலியில் ‘ஃபிரீஸ் ஃபிரேம்’ என்ற பகுதியைத் திறந்து அதிலுள்ள எல்லா எண்களையும் எழுதி வையுங்கள். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடானதும், நியூட்ரலில் சும்மா ஓடும்போது ஒரு முறையும், ரேஸ் கொடுத்து 2,500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிடம் நிறுத்தி ஒரு முறையும், குறுகிய கால, நீண்ட கால எரிபொருள் திருத்தங்களை (கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை) குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள். பேட்டரி வோல்டேஜையும் பாருங்கள்; ஓடும் எஞ்சினில் அது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் போதும்.

பதில்: நெல்வயல் (தஞ்சாவூர் மாவட்டம்)

ஸ்கேனர் போடுவதற்கு முன்பே, டார்ச் விளக்கோடு போனட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்க்கச் சொல்வேன். எங்கள் வீடு வயலை ஒட்டியது. அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். கார் எஞ்சினின் சூடு அவற்றுக்குப் பிடித்துப்போகிறது. சென்ற தை மாதம் இதே விளக்கு எரிந்தது. பி 0135 என்ற குறியீடு, அதாவது ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் கம்பிச் சுற்றில் கோளாறு. சென்சாரே போய்விட்டது என்று நினைத்துப் புதியதை வாங்கப் புறப்பட்டேன். அப்போது என் தம்பி கண்ணாடியை நீட்டிப் பிடித்து எஞ்சினுக்குப் பின்னால் பார்த்தான். சென்சாருக்குப் போகும் நான்கு வயர்களில் இரண்டு, கத்தரியால் வெட்டியது போல அறுந்து கிடந்தன. கீழே கருப்பு ரப்பர் துணுக்குகள். ஒவ்வொரு வயரின் நிறத்தையும் சரிபார்த்து இணைத்து, சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினோம். விளக்கு இன்றுவரை எரியவில்லை.

இன்னொன்று: பெட்ரோல் போதவில்லை என்று குறியீடு வந்தால், ஏர் ஃபில்டருக்குப் பிறகு எங்காவது குழாய் விலகி, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ‘உஸ்’ என்ற ஓசை எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். எலி கடித்த சிறு ரப்பர் குழாய்கூட இதற்குப் போதும்.

பதில்: வோல்ட்மீட்டர்

நெல்வயல் நண்பர் சொன்னபடி வயர்களை முதலில் பார்ப்பது மிகச் சரி. காற்றுக் கசிவைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில், அதற்குப் பின்னால் கசிவு ஏற்பட்டால் கலவை உடனே மெலிந்து பி 0171 வரும். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்தச் சென்சார் கிடையாது. காற்று போகும் குழலில் உள்ள அழுத்தத்தை அளந்தே கணினி கணக்குப் போடுகிறது. அங்கே கசிவு ஏற்பட்டால் அழுத்தமும் சேர்ந்து உயர்வதால், கணினி அதற்குத் தக்கபடி பெட்ரோலையும் கூட்டிவிடும். கலவை மெலிவதைவிட, சும்மா ஓடும் வேகம் கூடுவதுதான் கண்ணில் படும். ஆகவே கேட்டவர் தன் காரின் ஐடிலிங் வேகத்தையும் எழுதினால், கசிவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எரிபொருள் திருத்தத்தைப் படிப்பது பற்றி ஒரு சொல். பூஜ்யத்திலிருந்து இரு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5 கிலோ போதும். இதனால் இ10 (10 சதவீதம் எத்தனால்) காலத்தில் வடிவமைத்த கார், நலமாக இருந்தாலும், வழக்கத்தைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதல் திருத்தம் காட்டுவது இயல்பே. அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

இணையக் காணொளிகளில் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணைந்துவிடும் என்பார்கள். அமெரிக்காவில் விற்கும் கார்கள் டேங்கின் ஆவிக் கசிவைத் தாமே சோதிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் நாட்டு விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை என்பதால், இங்கே மூடியை இறுக்கிவிட்டுக் காத்திருப்பதில் பெரும்பாலும் பயன் இருக்காது.

சிறுமலை அடிவாரம்:

மூவருக்கும் நன்றி. வயர்களை முழுதும் பார்த்துவிட்டேன். எலி கடித்த தடம் எங்கும் இல்லை. எண்கள் இவை. பதிவு எடுத்த கணத்தில் 1,450 ஆர்.பி.எம்., வேகம் 20 கி.மீ., எஞ்சின் சுமை 82 சதவீதம், தண்ணீர்ச் சூடு 88 டிகிரி. சும்மா ஓடும்போது நீண்ட காலத் திருத்தம் கூட்டல் 22, குறுகிய காலத் திருத்தம் கூட்டல் 6. ரேஸ் கொடுத்து 2,500இல் வைத்தபோது நீண்ட காலத் திருத்தம் கூட்டல் 9. ஐடிலிங் 780, கூடவில்லை, ஆனால் முள் நடுங்குகிறது. வோல்டேஜ் 14.1.

பதில்: பழைய பட்டறைக்காரர்

மிகவும் உதவியான எண்கள். வேகம் 20, சுமை 82 என்றால், தாழ்ந்த கியரில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்திருந்த நேரம். அப்போதுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. போகும் வழியில் எங்காவது காப்பு பலவீனமாக இருந்தால், பொறி இடைவெளியைத் தாண்டாமல் அந்தக் குறுக்கு வழியில் இறங்கிவிடும். தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகு இது தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரின் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. ஐடிலிங் கூடாததால் காற்றுக் கசிவை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் காயிலை (பிளக்கின் மேல் உட்கார்ந்து, பொறிக்கு வேண்டிய வோல்டேஜைத் தரும் பாகம்) கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டுங்கள். பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்; அங்கிருப்பதுதான் ஒன்று. காயிலை ஒரு 10 மி.மீ. போல்ட் பிடித்திருக்கும். காயிலுக்கு வரும் வயரின் கப்ளரை (இணைப்பியை) எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டை அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். பத்து ஆண்டுச் சூட்டில் அந்தப் பூட்டு நொறுங்கும் நிலையில் இருக்கும். பிறகு குறியீட்டை அழித்துவிட்டு, மேட்டில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். விளக்கு மினுக்கிய உடனே மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். பி 0302 என்று மாறினால் கோளாறு காயிலோடு போயிருக்கிறது. பி 0303 அப்படியே நின்றால், அடுத்து பிளக்கை அதே போல இடம் மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது காயிலை உருவி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழக்கம், நீள வயரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்த காலத்தில் எங்கள் கைகளில் ஊறியது. இந்தக் காயில்களில் அதைச் செய்யக் கூடாது. கையில் ஷாக் அடிப்பது ஒரு பக்கம். வெளியேற வழியில்லாத வோல்டேஜ் காயிலையே எரித்துவிடும், கணினிக்கும் ஆபத்து.

சிறுமலை அடிவாரம்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். எனக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது: இப்போது பி 0302, பி 0303 இரண்டுமே வருகின்றன. காயிலும் கெட்டு, வேறு ஏதோவும் கெட்டிருக்கிறதா? காயிலைக் கழற்றியபோது மூன்றாவது குழியில் தண்ணீர் இல்லை; ஆனால் சுவரில் துருநிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது.

பதில்: வோல்ட்மீட்டர்

இது குழப்பமே அல்ல, நல்ல விடை. அந்தத் துரு வளையம் தண்ணீர் தேங்கி நின்று வற்றியதன் அடையாளம். தண்ணீர் இருந்தபோது பொறி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானுக்கும் காயிலின் அடியில் அதை மூடும் ரப்பர் உறைக்கும் நடுவே, வெளிப்புறமாகவே இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கும் ஒவ்வொரு பொறியும் இரண்டின் மேலும் கரிக்கோடு கிழிக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் வற்றிய பிறகும் பொறிக்கு அந்தப் பாதை பழகிவிடுகிறது. நீங்கள் காயிலை மாற்றியபோது, கோடு விழுந்த ரப்பர் இரண்டாவது சிலிண்டருக்குப் போயிற்று. கோடு விழுந்த பிளக் மூன்றாவதிலேயே நின்றது. அதனால்தான் இரண்டு குறியீடுகள்.

பிளக்கைக் கழற்றும் முன் குழியிலுள்ள தூசியைக் காற்று அடித்து வெளியேற்றுங்கள். சைக்கிள் பம்பு போதும். இல்லாவிட்டால் மணல் சிலிண்டருக்குள் விழும். பீங்கானின் பக்கவாட்டில் பென்சிலால் கிழித்தது போல நெடுக ஒரு கருங்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிளக்கையும் ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதிலுள்ள கரிக்கோடு சில நாளிலேயே புதியதையும் கெடுத்துவிடும். காயில் வரை போக வேண்டியதில்லை. உங்கள் காயிலுக்கு ரப்பரும் அதனுள் இருக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

புதிய பிளக்கை விரலாலேயே அடி வரை திருகி இறக்க வேண்டும். மரையில் குறுக்காக ஏறினால் கையிலேயே அந்தக் கடினம் தெரியும். ஸ்பேனர் போட்டால் தெரியாது. வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றுக்குச் சற்று மேல் இறுக்கினால் போதும். அலுமினிய ஹெட், வலிமையைக் காட்டும் இடமில்லை.

சிறுமலை அடிவாரம்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, எழுத்துகள் அச்சிட்ட இடத்தில் தொடங்கி உலோகம் வரை மயிரிழை போல ஒரு கருங்கோடு இருந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை. ரப்பரைப் பிளந்து பார்த்தபோது உள்ளே அதே உயரத்தில் அதே கோடு. நான்கு பிளக்குகளும் ஒரே வயதுடையவை என்பதால் நான்கையும் மாற்றினேன். ரப்பர் தனியாகக் கிடைத்தது. ஸ்பிரிங்கோடு சேர்த்து இரண்டு வாங்கி, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் போட்டேன். எல்லாமாக 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. போனட்டின் கீழ் காயில்களை மூடும் பிளாஸ்டிக் மூடி ஒரு மூலையில் உடைந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் நேராக மூன்றாவது குழிக்கு இறங்கும் இடம் அதுதான்.

குறியீடுகளை அழித்துவிட்டு ஓட்டத் தொடங்கினேன். நீண்ட காலத் திருத்தம் நாளுக்கு நாள் இறங்கி, இப்போது சும்மா ஓடும்போது கூட்டல் 5இல் நிற்கிறது. ஆக்சிஜன் சென்சாரைத் தொடவே இல்லை. பி 0171 திரும்பி வரவும் இல்லை. நேற்று அதே குடும்பத்தோடு, அதே ஏ.சி.யோடு சிறுமலைக்கு ஏறி இறங்கினோம். ஒரு வெட்டுக்கூட இல்லை. பள்ளிக்கும் வண்டி போகிறது. உங்கள் அனைவருக்கும் என் குடும்பத்தின் நன்றி.

பதில்: பழைய பட்டறைக்காரர்

மிக்க மகிழ்ச்சி ஐயா. உடைந்த மூடியை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். கன்வர்ட்டரையும் ஒரு முறை பார்த்துவிட்டால் மனம் அமைதியாகும். சூடான எஞ்சினை 2,500இல் நிறுத்தி, செயலியில் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் வரைபடத்தைப் பாருங்கள். முன்னால் உள்ளது 0.1க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பின்னால் உள்ளது 0.6, 0.7 அருகில் ஏறக்குறைய நேர்கோடாக நின்றால் கன்வர்ட்டர் தப்பிவிட்டது. அதுவும் முன்னதைப் போலவே ஆடினால், இன்னும் சில நாளில், கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பி 0420 குறியீடு வரக்கூடும். அப்படி வந்தால் உடனே எதையும் வாங்காமல், படத்தோடு இங்கே எழுதுங்கள். புகைபோக்கி இணைப்பில் கசிவு இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குவோம்.